காம்யுவின் இரண்டு வாத்தியார்கள்

அல்பேர் காம்யு என்றால் ‘அந்நியன்’, ‘கொள்ளை நோய்’, 1957-இல் நோபல் பரிசு என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவருடைய வாத்தியார்களைப் பற்றிப் பேசத்தான் பிடிக்கும்.

காம்யு 1913-இல் அல்ஜீரியாவில் பிறந்தவர். மறு வருஷமே தகப்பனார் மார்ன் சண்டையில் காயம்பட்டு இறந்துபோனார். தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, காதும் சரியாகக் கேட்காது. பிறர் வீடுகளில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அல்ஜியர்ஸில் பெல்கூர் என்ற ஏழைகள் பேட்டையில் குடியிருப்பு. வீட்டில் பாட்டி வைத்ததுதான் சட்டம்.

ஆரம்பப் பள்ளி வாத்தியார் லூயி ஜெர்மேன், அதே போரில் சண்டையிட்டுத் திரும்பியவர். தொர்ழெலேஸ் 1919-இல் எழுதிய ‘மரச் சிலுவைகள்’ என்னும் போர்முனை நாவலை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டுவார். தகப்பன் முகமே தெரியாத பையனுக்கு அது வெறும் பாடமாகவா இருந்திருக்கும்? காம்யு கடைசியாக எழுதிய ‘முதல் மனிதன்’ நாவலில் இது வருகிறது. கதை முடிகிற நாளில் பையன் முன்வரிசையில் உட்கார்ந்து அழுகிறான். வாத்தியார் அதைக் கவனித்து மனதில் வைத்திருந்து, பல வருஷம் கழித்து அவன் பார்க்க வரும்போது அந்தப் புத்தகத்தையே கொடுத்துவிடுகிறார். நாவல்தான், ஆனாலும் சொந்தக் கதை.

நானும் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்கு திக்தே, ரெசித்தாசியோன், அதாவது சொல்வதை எழுது, பிசகாமல் ஒப்பி. லா ஃபோந்தேன் பாட்டெல்லாம் இன்றும் தலைகீழ்ப் பாடம். ஆனால் ‘இதைப் படித்து உனக்கு என்னடா தோன்றியது?’ என்று ஒரு முசியேவும் கேட்டதில்லை. காலம் அப்படி.

பையன் சம்பாதிக்கப் போகட்டும் என்றுதான் பாட்டிக்கு எண்ணம். ஜெர்மேன் வீட்டுக்கே போய்ப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார்; பைசா வாங்காமல் தனிப்பாடமும் நடத்தினார். 1924-இல் உபகாரச் சம்பளம் கிடைத்து காம்யு லிசேயில் சேர்ந்தார்.

அங்கே 1930-இல் தத்துவம் கற்பிக்க வந்தவர் ழான் கிரெனியே. சில மாதங்களில் காம்யு காசநோயில் படுத்துவிட்டார். கிரெனியே பெல்கூர் வீட்டைத் தேடிப் போய்ப் பார்த்தார். மாணவன் கூச்சத்தில் சரியாகப் பேசவுமில்லை. லிசே ஆசிரியர் அந்தத் தெருவுக்குப் போவதென்பது அந்நாளில் லேசான காரியமல்ல.

காம்யுவுக்குக் கசாப்புக்கடை வைத்திருந்த மாமா ஒருவர், நிறையப் படிப்பவர். அவர் முன்னமே ஆந்த்ரே ழீதின் புத்தகம் ஒன்றைத் தந்திருந்தார். அது அப்போது பையன் மனதில் ஒட்டவில்லை. பிறகு கிரெனியே கொடுத்தது ஆந்த்ரே த ரிஷோவின் ‘வேதனை’. பெரிய பெயரெடுத்த நாவல் அல்ல. ஆனால் அதில் தாய், வறுமை, அந்திநேரத்து வானம் என்று எல்லாம் அவருக்குத் தெரிந்தவையே இருந்தன. நம் வீட்டைப் பற்றியும் புத்தகம் எழுதலாம் என்று அப்போதுதான் பட்டதாகக் காம்யு பின்னாளில் எழுதினார். எந்தப் பையனுக்கு எந்தப் புத்தகம் என்று தெரிய வேண்டுமானால், பட்டியலைப் பார்த்தால் போதாது, பையனிடம் பேசியிருக்க வேண்டும். பிறகு காம்யு எழுதியதையெல்லாம் கிரெனியேவிடம் காட்டுவார்; அவர் குறைகளை முகத்துக்கு நேரே சொல்வார். இருவரும் கடைசிவரை கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

நோபல் செய்தி வந்தபோது, தாயாருக்கு அடுத்தபடி நினைவுக்கு வந்தவர் நீங்கள்தான் என்று ஜெர்மேனுக்கு எழுதினார். பரிசு பெற்றபோது பேசிய உரைகள் நூலானபோது அவருக்கே காணிக்கையாக்கினார். 1960 ஜனவரி 4-ஆம் தேதி கார் விபத்தில் காம்யு இறந்தபோது ‘முதல் மனிதன்’ கையெழுத்துப் பிரதி கூடவே இருந்தது. 1994-இல் மகள் அதை அச்சிட்டார். பின்பக்கங்களில் காம்யு ஜெர்மேனுக்கு எழுதிய கடிதமும், ஜெர்மேன் அவருக்கு எழுதிய நீண்ட கடிதம் ஒன்றும் இருக்கின்றன.