சாதிக்கு ஒரு கட்டம்

போன வருசம் எங்க தெருப் பையன் ஒருத்தன், அமெரிக்காவில் உள்ள பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்கு மனுப் போட்டான். ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். "அக்கா, இனம் என்னன்னு கேக்குறான். என்ன போட?" வெள்ளையர், கறுப்பர், ஆசியர் என்று வரிசையாகக் கட்டங்கள். ஊனம் உண்டா, பட்டாளத்தில் இருந்தாயா என்பதற்கும் கட்டங்கள். 'ஆசியர்' என்பதில் குறி போட்டுவிட்டுச் சிரித்தான்: "சாதிக்குக் கட்டமே இல்லக்கா. தப்பிச்சோமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வெளிநாட்டு வேலை நமக்குப் புதுசில்லை. கடல் தாண்டினால் தீட்டு என்றவர்கள் கரையில் நின்றபோது கப்பலேறியவர்களில் நம் பாட்டன் பாட்டிகள் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகள். பதிவேட்டில் பெயர், வயது, ஊர் இவற்றோடு சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி ஆள் பிடித்தான். தன் ஊர்க்காரன், தன் உறவுக்காரன், தன்னிடம் கடன்பட்டவன். அவ்வளவுதான் அவனுடைய தேர்வு முறை.

நூறு வருசம் கழித்துப் புறப்பட்டது வேறு கூட்டம். 1959இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கியது. 1965இல் அமெரிக்கா பழைய நாடுவாரி ஒதுக்கீட்டை நீக்கிப் புதிய குடியேற்றச் சட்டம் போட்டது. படித்த பொறியாளருக்குக் கதவு திறந்தது. ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு இடஒதுக்கீடு வந்ததோ 1973இல்தான். அதுவரை போனவர்கள் யாரென்று தனியாகச் சொல்ல வேண்டுமா? 1990ஆம் வருசச் சட்டத்தில் எச்-1பி விசா வந்து, நம் வீட்டுப் பிள்ளைகளும் மனுவோடு நின்றபோது, முன்னால் போனவர்களில் பலர் அங்கே மேனேஜர்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே இருக்கிற ஒருவர் பரிந்துரைத்தால் மனு சீக்கிரம் கண்ணில் படும். 'ரெஃபரல்' என்று பெயர். ஆள் சேர்ந்தால் பரிந்துரைத்தவருக்குப் பணம் தருகிற கம்பெனிகளும் உண்டு. கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்த மாதிரிதான். எங்க பையனும் அலைந்து திரிந்து ஒருவரைப் பிடித்தான். அவர் போனில் அன்பாகத்தான் பேசினார். "ஊர்ல எந்தப் பக்கம் தம்பி?" இவன் தெருப் பெயரைச் சொன்னான். அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.

இது ஒருத்தன் கதை என்று தள்ளிவிட முடியாது. 2020 ஜூன் 30 அன்று கலிபோர்னியா மாநில அரசின் துறையே சிஸ்கோ கம்பெனி மீதும் இரண்டு மேலாளர்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவர் இடஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தவர் என்று மேலாளர் மற்றவர்களிடம் சொன்னார் என்பதும், முறையிட்டபோது சாதிப் பாகுபாடு சட்டவிரோதமில்லை என்று கம்பெனி தரப்பில் பதில் வந்தது என்பதும் அதிலிருந்த குற்றச்சாட்டுகள். கம்பெனி மறுத்தது. 2023 ஏப்ரலில் மேலாளர்கள் மீதான வழக்கை அந்தத் துறையே திரும்பப் பெற்றது. அந்த வருசம் பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிபோர்னியா சட்டமன்றமும் அதற்கு மசோதா நிறைவேற்றியது. அக்டோபரில் ஆளுநர், இருக்கிற சட்டமே போதும் என்று சொல்லி நிராகரித்துவிட்டார்.

இருக்கிற சட்டம் போதுமென்றால், "எந்தப் பக்கம் தம்பி" என்ற கேள்வியை எந்தச் சட்டம் பிடிக்கும்?

அன்றைக்குப் பதிவேட்டில் எழுதினார்கள். இன்றைக்கு எழுதாமலே விசாரித்துக்கொள்கிறார்கள். மனுவில் சாதி கேட்கும் கட்டம் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பாகுபாடு காட்டக்கூடாது என்று கம்பெனி விதியில் இனம், மதம், பால் என எழுதியிருக்கும் வரிசையில் 'சாதி' என்ற சொல்லும் வேண்டும். ஆப்பிள் கம்பெனி தன் நடத்தை விதியில் அதை எழுதிவிட்டது. மற்றவர்களுக்கு என்ன தயக்கம்?

பையனிடம் சொன்னேன்: "தப்பிக்கலடா தம்பி. ஆனா மனுவப் போடு. உள்ள போனதும் மொதல்ல அந்த விதியப் படி. சாதின்னு ஒரு வார்த்தை இல்லேன்னா ஏன் இல்லேன்னு கேளு. அப்புறம், நம்ம தெருவுல இருந்து அடுத்து ஒருத்தி மனுப் போடுவா. அவ போன் பண்ணா எடு."