லயத்து வீட்டில் வானொலி முதல் கைத்தொலைபேசி வரை: தாப்பா வட்டாரத் தோட்டப்புறமும் நாட்டு அரசியலும்

பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத் தலைநகரான தாப்பா, கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையின் அடிவாரத்தில் இருக்கிறது. பீடோர், தெமோ, தாப்பா ரோடு என்று அதைச் சுற்றியுள்ள ஊர்களை அடுத்து ரப்பர்த் தோட்டங்களும், பின்னாளில் செம்பனைத் தோட்டங்களும் பரவிக் கிடந்தன. அத்தோட்டங்களின் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்த தமிழர் வீடுகளுக்குள் வானொலி, தொலைக்காட்சி, வீடியோ, கைத்தொலைபேசி ஆகியவை வந்து சேர்ந்த வரிசைக்கு விலையும் வருமானமும் மட்டும் காரணமல்ல. நிலத்தின் சட்டத் தகுதி, அவசரகாலக் கட்டுப்பாடு, உரிமம், குடியுரிமை ஆகியவற்றுக்கும் அதில் சம பங்கு உண்டு.

ஒரு வீட்டுக் கருவி உயிரைப் பறிக்கும் குற்றச் சான்றாக மாறியது ஜப்பானியர் ஆட்சியில். 1942க்குப் பின் அந்நிய நாட்டு ஒலிபரப்பைக் கேட்பது தடைசெய்யப்பட்டது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943இல் சிங்கப்பூருக்கு வந்தபின் ஆற்றிய வானொலி உரைகளைக் கேட்கத் தடையில்லை. பிபிசி கேட்டால் சித்திரவதை. ஈப்போவுக்கு அருகிலுள்ள பாப்பான் சிற்றூரில் மருத்துவர் கார்த்திகேசுவும் அவர் மனைவி சிபில் கார்த்திகேசுவும் சிற்றலை வானொலியொன்றை ஒளித்து வைத்துச் செய்தி கேட்டனர். ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாக்களுக்கு மருத்துவமும் செய்தனர். 1943இல் கைதான சிபில், கெம்பெய்தாய் எனும் ஜப்பானிய இராணுவக் காவலர்களின் கொடுமையைத் தாங்கியும் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போருக்குப் பின் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கியது.

1946 ஏப்ரல் 1இல் ரேடியோ மலாயா தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களால் கொல்லப்பட, 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் புகைப்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டையைச் சுமக்க வேண்டியதாயிற்று. 1950இன் பிரிக்ஸ் திட்டப்படி காட்டோரம் சிதறிக் கிடந்த லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. வேலிக்குள் அடைத்த மக்களிடம் அரசின் குரலைக் கொண்டுசேர்க்க வானொலியே கருவியானது. பின்னாளில் பிபிசியின் தலைமை இயக்குநரான ஹியூ கார்ல்டன் கிரீன் 1950இல் அவசரகாலத் தகவல் பணிக்குத் தலைமையேற்க மலாயாவுக்கு வந்தார். மக்களை மறுகுடியேற்றிய புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டு, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் அரசின் செய்தி ஒலித்தது. தமிழ்ப் பாட்டுக்காகப் பெட்டியைச் சுற்றிக் கூடியவர்கள் சரணடைவு அறிவிப்புகளையும் சேர்த்தே கேட்டார்கள். பெட்டி பொதுவானதால் நிலையத்தை மாற்றும் உரிமை யாருக்கும் இல்லை. தமிழரின் வானொலிப் பழக்கம் இப்படி அரசின் தேவையிலிருந்து வளர்ந்தது என்பது பின்னாளைய ஏக்கக் கட்டுரைகளில் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. அந்தத் தமிழ்ப் பிரிவுதான் வானொலி 6 ஆகி, 2005இல் மின்னல் எஃப்எம் ஆனது.

மின்சாரத்தின் கதை இன்னும் கூர்மையானது. பேராக் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட செண்டெரோ அணை 1930 முதல் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தந்தது. சுதந்திரத்துக்குப் பின், உலக வங்கிக் கடனுடன், கேமரன் மலையிலிருந்து இறங்கும் நீர் தாப்பாவுக்கு மேலேயே மின்சாரமாக்கப்பட்டது. ஜோரில் உள்ள சுல்தான் யூசுப் நிலையம் 1963இலும், அதற்குக் கீழே வோவில் உள்ள சுல்தான் இட்ரிஸ் நிலையம் அதே பத்தாண்டின் பிற்பகுதியிலும் இயங்கத் தொடங்கின. அங்கே பிறந்த மின்சாரம் உயர்கம்பிகள் வழியே நகரங்களுக்குச் சென்றது. லயங்களில் அப்போதும் மண்ணெண்ணெய் விளக்கு. கொஞ்சம் வசதியான தோட்டங்களில் நிர்வாகத்தின் டீசல் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் ஓடி நின்றுவிடும்.

இதற்குக் காரணம் கம்பியின் தூரமல்ல. 1960க்குப் பின் துணைப் பிரதமர் துன் ரசாக்கின் தலைமையில் கிராம வளர்ச்சித் திட்டங்கள் சாலை, குழாய்நீர், மின்சாரம் என்று மலாய்க் கம்பங்களை (கிராமங்களை) மாற்றிக்கொண்டிருந்தன. தோட்டமோ தனியார் நிலம். அதற்குள் வசதி செய்து தருவது முதலாளியின் பொறுப்பு என்று அரசு ஒதுங்கிக்கொண்டது. செலவு செய்ய முதலாளியும் முன்வரவில்லை. கம்பத்தில் இருந்தால் கிராமவாசி, லயத்தில் இருந்தால் கம்பெனியின் ஆள் என்ற பிரிவு 1971இன் புதிய பொருளாதாரக் கொள்கைக் காலத்திலும் தொடர்ந்தது. 1981இல் பிரிட்டிஷ் தோட்ட நிறுவனமான கத்ரியின் பங்குகள் லண்டன் சந்தையில் ஒரே காலைப்பொழுதில் வாங்கப்பட்டு மலேசியர் கைக்கு வந்தபோது, துரை மாறினார், லயம் மாறவில்லை. குடிநீரும் மின்சாரமும் தருவதை முதலாளியின் கடமையாக்கிய தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் 1990இல்தான் வந்தது. அதற்குள் பல தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, ஆட்களே இல்லாத செம்பனைக் காடாகிக்கொண்டிருந்தன.

இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு வந்த முதல் கருவி டிரான்சிஸ்டர். உலர் மின்கலத்தில் ஓடும் அந்தச் சிறு பெட்டிக்கு ஜெனரேட்டர் அறையின் தயவு தேவையில்லை. பெட்டி தனிவீட்டுக்குரியதானதும் கேட்கும் விதம் மாறிற்று: கூட்டத்தோடு கேட்டது போய், அடுப்படியில் வேலை செய்துகொண்டே கேட்பது வந்தது. தொலைக்காட்சிக்கு இந்த வழி எளிதாக இல்லை. 1963 டிசம்பர் 28இல் மலேசியத் தொலைக்காட்சி தொடங்கியது. இந்தோனேசியாவுடன் மோதல் மூண்டிருந்த நேரம் அது. புதிய கூட்டரசை மக்கள் கண்ணுக்குக் காட்டுவது அரசின் அவசரமாக இருந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டியை கார் பேட்டரியில் ஓட்டுவதும், பேட்டரியைப் பட்டணத்துக்குத் தூக்கிப்போய்ச் சார்ஜ் ஏற்றி வருவதும் மின்சாரமில்லாத இடங்களின் வழக்கம். பெட்டி வைத்திருந்தால் ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணம். அது 1990களின் இறுதியில்தான் நீங்கியது. கட்டணம் எல்லோருக்கும் ஒன்றே, ஆனால் ஒளிபரப்பில் தமிழுக்குக் கிடைத்தது செய்தியும் வாரத்தில் ஒரு படமும் போன்ற சொற்ப நேரமே. 1971இன் தேசியப் பண்பாட்டுக் கொள்கை எந்தப் பண்பாடு நடுவில் நிற்கும் என்பதை வரையறுத்துவிட்டிருந்தது.

1980களின் வீடியோ கேசட் அந்தப் பற்றாக்குறைக்குத் தோட்டமே கண்ட விடை. பட்டணத்துக் கடையில் வாடகைக்கு எடுத்த படம் ஒரே வாரத்தில் லயத்தின் பல வீடுகளைச் சுற்றிவரும். தணிக்கை வாரிய முத்திரை இல்லாத கேசட்டுகளும் அதே பையில் வந்தன. சிறுநகரத் திரையரங்குகள் இதில் நசிந்தன. தமிழ்நாட்டில் நேற்று வந்த படத்தை இன்று பார்க்கும் பழக்கம் ஆழமாக வேரூன்றியது. 1996இல் அஸ்ட்ரோ துணைக்கோள் சேவை வானவில் அலைவரிசையோடு வந்தபோது அதற்குச் சந்தை தயாராக இருந்தது. அதுவரை தனியார் வட்டுகளைத் தடைசெய்திருந்த அரசு, உரிமம் பெற்ற ஒரே நிறுவனத்தின் சிறு வட்டை மட்டும் அனுமதித்தது. மாதக் கட்டணம் கட்டியாவது அஸ்ட்ரோ வைத்த வீடுகளை ஆடம்பரம் என்று கண்டித்தவர்கள், இலவச ஒளிபரப்பில் தமிழுக்கு இருந்த இடத்தையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

தொலைபேசி, லயத்துக்கு வருமுன்னே பங்குப் பத்திரமாக அரசியலுக்குள் வந்துவிட்டது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் (மஇகா) 1982இல் அமைத்த மைக்கா ஹோல்டிங்ஸில் தோட்டத் தொழிலாளர்கள் தாலிக்கொடியை அடகுவைத்தும் பங்கு வாங்கினார்கள் என்பது பேராக்கில் இன்றும் பேசப்படும் செய்தி. 1990இல் டெலிகோம் மலேசியா பங்குச் சந்தைக்கு வந்தபோது இந்தியச் சமூகத்துக்கென 1 கோடிப் பங்குகள் ஒதுக்கப்பட்டன. மைக்காவுக்கு வந்தவை 10 லட்சமே. எஞ்சிய 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது பெரும் சர்ச்சையாயிற்று. விசாரணைக்குப் பின் யார்மீதும் வழக்கு வரவில்லை.

கைத்தொலைபேசி இந்த வரலாற்றைத் திசைதிருப்பியது. அதுவரை கருவி வழியே அரசியல் லயத்துக்கு வந்தது. இப்போது லயத்திலிருந்து வெளியே சென்றது. 2012 வரை நாளிதழ்கள் ஆண்டுதோறும் உள்துறை அமைச்சின் அச்சு உரிமத்தைப் புதுப்பித்தாக வேண்டியிருந்தது. 2008 ஏப்ரலில் மக்கள் ஓசை தமிழ் நாளிதழின் உரிமம் முதலில் மறுக்கப்பட்டுப் பின்னரே கிடைத்தது. குறுஞ்செய்திக்கு அத்தகைய உரிமம் கிடையாது. 1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டத்துக்கு முதலீட்டாளரை ஈர்க்க, இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்று அரசே வாக்குக் கொடுத்திருந்தது. 2007இல் இந்து உரிமைப் போராட்ட இயக்கமான இண்ட்ராப் கோயில் மண்டபக் கூட்டங்களோடு குறுஞ்செய்தியையும் நம்பியது. நவம்பர் 25இல் கோலாலம்பூரில் பல்லாயிரவர் திரண்டனர். தண்ணீர் பீய்ச்சப்பட்டதும் கண்ணீர்ப்புகை வீசப்பட்டதும் அன்று மாலையே யூடியூப்பில் ஏறின. அரசுத் தொலைக்காட்சி சொன்னதையும் படத்தில் கண்டதையும் ஒரே வீட்டில் ஒப்பிட முடிந்தது.

2008 மார்ச் 8 தேர்தலில் பேராக் சட்டமன்றத்தின் 59 இடங்களில் 31ஐ எதிர்க்கட்சிகள் வென்றன. சுங்கை சிப்புட்டில் மஇகா தலைவர் சாமிவேலுவே தோற்றார். ஆனால் தாப்பா நாடாளுமன்றத் தொகுதி மஇகாவின் மு. சரவணனுக்கே கிடைத்தது. குறுஞ்செய்தி இரு தொகுதிகளையும் ஒன்றுபோல எட்டியிருந்தும் முடிவு வேறாயிற்று; கைத்தொலைபேசியே ஆட்சியை மாற்றியது என்ற வாதத்தை இந்த ஓர் இடமே அசைத்துவிடுகிறது. கட்சித் தாவலால் மறு ஆண்டே மாநில அரசு கவிழ்ந்தது. சபாநாயகர் வி. சிவகுமார் 2009 மே 7இல் அவையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட செய்தி படங்களோடு கைக்குக் கை பரவியது.

அதற்குப் பின் அரசும் அதே கருவியின் வழியே திரும்பி வந்தது. முன்கட்டண சிம் அட்டைகளை அடையாள ஆவணத்தோடு பதிவுசெய்வது 2006இலேயே கட்டாயமாகியிருந்தது. 2019 அக்டோபருக்குள் தீபகற்பத்தில் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு இலக்கமுறைப் பெட்டி இலவசமாகக் கிடைத்தது. 2020 மார்ச் 18இல் கொரோனா தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது; சில மாதங்களில் கடைக்குள் நுழைவதைப் பதிவுசெய்ய மைசெஜாத்ரா செயலி வந்தது. தமிழ்ப்பள்ளிப் பாடங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களுக்கு மாறின, ஒரே கைத்தொலைபேசி உள்ள வீட்டில் அப்பா வேலையிலிருந்து திரும்பிய பிறகே பிள்ளைக்குப் பாடம். 2021 இறுதிக்குள் 3ஜி அலைவரிசை நிறுத்தப்பட்டதும் பழைய திறன்பேசிகள் பலவற்றுக்கு இணைய வேகம் போயிற்று.

2025 செப்டம்பரில் வந்த புடி95 திட்டத்தில் பெட்ரோல் மானியம் குடிமக்களின் அடையாள அட்டையான மைகார்டு வழியே தரப்படுகிறது. பம்பில் அட்டையைச் செருகினால் குடிமகனுக்கு லிட்டர் 1.99 வெள்ளி. தோட்டத்தில் பிறந்தும் குடியுரிமை கிடைக்காமல் நிரந்தரவாசியின் சிவப்பு ஐசியோடு நின்றுவிட்டவர், அதே வரிசையில், அதே மோட்டார் சைக்கிளுக்கு மானியமில்லாத விலை கொடுக்கிறார்.