திருநாமமும் வினாவும்

சிவநாமம் கூறுங் குழுவெல்லாம் நன்னெறிக் குழுவாகா என்பதற்கு ஜப்பான் தேசத்து ஓம் ஷின்ரிக்கியோவின் வரலாறு சான்றாகும். 1984-இல் ஷோகோ அசஹாரா என்பான் தொடங்கிய யோகக் கழகமே 1987-இல் அப்பெயர் பூண்டது. அது பிரணவத்தைப் பெயரிலும் சிவபிரானைத் தலைமைக் கடவுளாகவும் கொண்டது. 1989 ஆகஸ்டில் சமய நிலையமென அரசினர் அங்கீகாரமும் பெற்றது.

எனினும், ஆண்டுத் துறவு பூண்டோர் பொருளனைத்தையும் குழுவிற்கே ஒப்புவித்துச் சுற்றத்தாரை அறவே நீங்கினர். அவ்வாண்டிலேயே, விலக விழைந்த அடியவனொருவனும், பிள்ளைகளைக் குழுவிற்குப் பறிகொடுத்த பெற்றோர்க்காக வாதாடிய நியாயவாதியொருவரும், அவர்தம் மனைவியும் குழவியும் மறைவிற் கொல்லப்பட்டனர். 1995 மார்ச்சு 20-இல் அக்குழுவினர் டோக்கியோ நகரத்துச் சுரங்க இரயில்களில் சாரின் என்னும் நஞ்சைப் பரப்பிப் பன்னிருவர்க்கு மேற்பட்டோரை மாய்த்தனர், ஆயிரக்கணக்கானோர் துன்புற்றனர். 2018 ஜூலையில் அசஹாராவும் அவன் கூட்டத்தார் பன்னிருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

கொலைகள் மறைந்திருந்தன, பெற்றோர் முறையீடோ 1989-லேயே வெளிப்பட நின்றது. அதுவே கொள்ளத்தக்க குறி.

சைவ மரபிலோ, ஆணவத்தின் இயல்பை மெய்கண்டாரிடம் வினவிய அருணந்தி சிவாசாரியார் அவர்க்கே மாணாக்கராயினார் என்ப. தாம் இயற்றிய சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பிற சமயத்தார் கொள்கைகளையும் எடுத்தோதியே மறுத்தார். வினவுவார்க்கு விடையும் விலகுவார்க்கு வழியும் உளவா என ஆராய்ந்தே ஒரு குழுவின் இயல்பைத் துணிதல் வேண்டும். திருநாமம் ஒன்றே சான்றாகாது.