வாதம், பித்தம், கபம்: ஒரு நெடும்பயணம்

வாளையாற்றைத் தாண்டினால் கடையின் பெயர் மாறிவிடும். கோவைப் பக்கம் அது நாட்டு மருந்துக் கடை. பாலக்காட்டுப் பக்கம் அங்ஙாடி மருந்துக் கடை. கம்பத்திலிருந்து மலையேறி இடுக்கியின் குமுளிக்குப் போனாலும் இதே கதைதான். ஆனால் சளிக்கு இருபுறமும் கேட்பது சுக்கு, மிளகு, திப்பிலி. கபத்தை அறுக்கும் என்பது இரு பக்கத்துப் பாட்டிமாரின் வாக்கு. அந்தக் கபமும் அதன் கூட்டாளிகளான வாதமும் பித்தமும் பாதி உலகத்தைச் சுற்றி வந்தவை.

உடலுக்குள் இருப்பவை அளவு மீறினாலோ குறைந்தாலோ நோய் என்பது இந்த வைத்தியத்தின் அடிப்படை. வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் அவற்றை மூன்றாக எண்ணினார். கிரேக்கத்தின் ஹிப்போகிராட்டஸ் மரபினரோ இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்காக வைத்தார்கள். கணக்கு வேறானாலும் சரக்கு ஒன்றாயிற்று. கிரேக்க வைத்திய நூல்களில் வரும் 'பெபெரி' நம் திப்பிலியின் வடமொழிப் பெயரான 'பிப்பலி'தான். சேரநாட்டு மிளகு முசிறியில் கப்பலேறிய பிறகு, மேற்கே அந்தப் பெயர் மிளகுக்கே நிலைத்துவிட்டது.

2ஆம் நூற்றாண்டில் ரோமில் நான்கின் கணக்கை நிலைநிறுத்தியவர் காலன். அவர் புகழ் பெருகவே, அவர் பெயரில் போலி நூல்கள் கடைத்தெருவுக்கு வந்தன. அதைக் கண்ணாலேயே பார்த்தவர், தாம் எழுதியவை எவை என்று பட்டியலிட்டுத் தனி நூலே எழுதினார். நம் பக்கமும் பின்னாளில் சித்த மருத்துவம் பாடிய பலர் தம் நூல்களுக்கு அகத்தியர் பெயரையே இட்டார்கள். பட்டியல் தர அகத்தியர்தான் இல்லை.

அடுத்த திருப்பம் பாக்தாதில். கலீபா ஹாரூன் அல்-ரஷீது நோயுற்றபோது இந்தியாவிலிருந்து மங்கா என்ற வைத்தியரை வரவழைத்தார்கள் என்கின்றன அரபு நூல்கள். சுசுருத சம்ஹிதை அரபிக்குப் போனதும் அந்தக் காலத்தில்தான். 9ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் காலனை மொழிபெயர்த்தார். இரண்டு மரபும் ஒரே நகரத்து அலமாரியில் சேர்ந்தன. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலா 'இத்ரிஃபல்' ஆயிற்று. கிரேக்கரின் 'ஃப்ளெக்மா' அரபியில் 'பல்கம்' ஆகி, யூனானி ஹகீம்களோடு தில்லிக்கு வந்து, இன்றும் இந்தியில் சளிக்குப் பெயராக இருக்கிறது. 'யூனானி' என்றாலே கிரேக்கம்தான்.

கேரளத்தில் அஷ்டவைத்தியர்கள் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தைக் கைவிளக்காகக் கொண்டார்கள். அதே நூல் 11ஆம் நூற்றாண்டில் திபெத்திய மொழிக்கும் போனது. பிறகு கொச்சியில் டச்சுத் தளபதி வான் ரீடு வந்தார். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் தம் குடும்ப ஏட்டறிவைச் சொல்லச் சொல்ல, மலபாரின் செடிகள் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சேறின. அந்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' நூலைப் பார்த்துத்தான் லின்னேயஸ் பல செடிகளுக்குப் பெயர் வைத்தார்.

1858இல் ஜெர்மனியின் விர்ஷோ, நோயின் இருப்பிடம் உயிரணு என்று நிறுவினார். ஐரோப்பிய மருத்துவத்தில் நான்கின் ஆட்சி அத்தோடு முடிந்தது. இந்தியாவிலோ 1970ஆம் ஆண்டுச் சட்டம் ஆயுர்வேதம், சித்த மருத்துவம், யூனானி மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது. பாக்தாதில் சந்தித்த உறவினர்கள் மறுபடி ஒன்றாக அமர்ந்தார்கள். இவற்றில் எதுவும் தனியாகப் பிறந்து தனியாக வளர்ந்ததில்லை. வாளையாற்றுக்கு இருபுறமும் கொதிக்கும் கஷாயம் எந்த ஒரு ஊருக்கும் சொந்தமானதல்ல.