கோல்கொண்ட் அறைகலன்கள்

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்ட்’ விடுதிக்காக 1930களின் இறுதியில் உருவான தேக்குமரக் கட்டில், மேசை, நாற்காலி, அலமாரிகள். இந்தியாவில் நவீனத்துவப் பாணியில் செய்யப்பட்ட முதல் அறைகலன்களில் இவையும் அடங்கும். இந்த விடுதி இன்றும் விடுதியாகவே இருக்கிறது. அதன் பொருள்கள் கண்காட்சிக்குப் போகாமல் புழக்கத்தில் இருப்பதுதான் அவற்றின் தனிச்சிறப்பு.

நவீனத்துவ அறைகலனின் கதையை வியன்னாவிலிருந்து தொடங்குவது வழக்கம். மைக்கேல் தோனே 1859இல் வெளியிட்ட 14ஆம் எண் நாற்காலியில் மொத்தம் ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள். மரத்தை நீராவியில் இளக்கி வளைத்தார்கள். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. செதுக்கு வேலையே இல்லாத பொருளும் அழகாக இருக்கலாம் என்பதை அது லட்சக்கணக்கான வீடுகளுக்குக் காட்டியது. 1919இல் ஜெர்மனியில் தொடங்கிய பவ்ஹவுஸ் பள்ளி இதைக் கொள்கையாக்கியது. அங்கு ஆசிரியராக இருந்த மார்செல் பிராயர், சைக்கிளின் வளைந்த கைப்பிடியைப் பார்த்து, 1925இல் எஃகுக் குழாயில் நாற்காலி செய்தார். பாரிஸில் லெ கொர்பூசியே, ஷார்லோத் பெரியான், பியர் ழான்னரே மூவரும் அதே வழியில் போனார்கள்.

எஃகுக் குழாய் ஐரோப்பாவின் குளிருக்குச் சரி. உப்புக்காற்று வீசும் நம் கடற்கரையில் அது துருப்பிடிக்கும்; வெயில் பட்டால் தொட முடியாது. நவீனத்துவம் இங்கே வேர்விட வேண்டுமானால் மரத்துக்கும் ஆசாரியின் உளிக்கும் திரும்பியாக வேண்டியிருந்தது. கோல்கொண்டில் நடந்தது அதுதான்.

ஆசிரமத்துக்கு ஒரு விடுதி வேண்டும் என்று அன்னை மீரா அல்பாசா விரும்பினார். அன்பர் பிலிப் பார்பியே செந்த்-இலேர் (ஆசிரமப் பெயர் பவித்ரா) தோக்கியோவில் தமக்குப் பழக்கமான செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்டை நாடினார். ஐதராபாத் திவான் சர் அக்பர் ஐதரியின் முயற்சியால் நிஜாம் அரசிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய் கிடைத்தது. அந்த நன்றிக்காகவே கோல்கொண்டாவின் பெயர் விடுதிக்கு வந்தது. ரேமண்ட் தம் அலுவலகத்து இளைஞர் ஜார்ஜ் நகாஷிமாவை முன்கூட்டி அனுப்பிவைத்தார். பின்னர் செக் கலைஞர் ஃபிரான்டிஷெக் சாமர் பொறுப்பேற்றார். உலகப்போர் குறுக்கிட்டதால் வேலை 1940கள் வரை இழுத்தது. ஆணி முதற்கொண்டு பல சிறு பொருள்களை ஆசிரமத்தின் ஹார்பகோன் பட்டறையிலேயே செய்துகொண்டார்கள்.

கட்டடத்தைப் புரிந்துகொள்ளாமல் அதன் சாமான்களைப் புரிந்துகொள்ள முடியாது. நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. கண்ணாடி ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கக் கிடைமட்டப் பலகைகள், வேண்டியபடி திருப்பி வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடலாம். அறைக்கும் நடைக்கும் இடையே நகரும் தேக்குக் கதவு. அதன் சட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி அமைந்திருப்பதால் கதவைச் சாத்தினாலும் காற்று நுழையும், பார்வை நுழையாது. தரை கருப்புக் கடப்பைக் கல். இப்படிப்பட்ட அறையில் காற்றை மறிக்கும் கனத்த சாமான் ஒன்று வந்தாலும் எல்லாம் கெட்டுவிடும். பழைய புதுச்சேரி மாளிகைகளின் பூவேலைக் கட்டிலையும் ஆளுயரப் பீரோவையும் இங்கே நினைத்துப் பார்க்கவே முடியாது. எனவே நகாஷிமா குறைவான மரத்தில், நேர்கோட்டில், தரையிலிருந்து எழுந்து நிற்கும் சாமான்களை வரைந்தார். தேக்கின் இயற்கை எண்ணெய் கரையானை அண்டவிடாது; அதன் ரேகைகளே அலங்காரம்.

1905இல் அமெரிக்காவின் ஸ்போக்கேனில் பிறந்த நகாஷிமா கட்டடக் கலை படித்தவர். முதன்முதலாக அறைகலன் செய்தது புதுச்சேரியில்தான். வேலைக்கு வந்தவர் சம்பளத்தை விட்டுவிட்டு ஆசிரமத்தில் சேர்ந்தார். அரவிந்தர் அவருக்குச் ‘சுந்தரானந்தா’ என்று பெயரிட்டார். 1939இல் அவர் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காகவே அமெரிக்க அரசு அவரையும் குடும்பத்தையும் ஐடஹோவின் மினிடோகா முகாமில் அடைத்தது. முகாமில் கென்டாரோ ஹிகோகாவா என்ற மூத்த தச்சரிடம் ஜப்பானியக் கைக்கருவிகளைப் பழகினார். 1943இல் ரேமண்டின் உதவியால் விடுதலை பெற்று, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டார். வெடிப்பும் முடிச்சும் உள்ள பலகையை மறைக்காமல் அப்படியே மேசையாக்கும் அவர் பாணி அங்கே முதிர்ந்தது. கட்டடக் கலையைவிட்டு அறைகலனுக்கு வந்ததற்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது: தொடக்கம் முதல் முடிவு வரை தன் பொறுப்பிலேயே இருக்கும் வேலை இது. அந்த ஆசையை அவருக்குள் விதைத்தது கோல்கொண்ட் என்றே கருதத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில், நிதானமாக, தவம்போலச் செய்த இடம் அது. 1964இல் மறுபடி இந்தியா வந்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வடிவங்கள் வரைந்து கொடுத்தார். 1990இல் மறைந்தார்.

சண்டிகர் அறைகலன்களின் கதை, புழக்கத்திலேயே நிலைத்த கோல்கொண்டின் கதைக்கு நேர் எதிர். 1951 முதல் அந்நகரத்தைக் கட்டியபோது ழான்னரே அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் ஆயிரக்கணக்கான நாற்காலிகளை வடிவமைத்தார். கவைபோல் விரிந்த கால்களும் பிரம்புப் பின்னலும் அவற்றின் அடையாளம். பிரம்பு நம் கைத்தொழில்: நாரை நீரில் ஊறவைத்துச் சட்டத்தின் துளைகள் வழியே இழுத்துப் பின்னுவார்கள், காயக்காய அது தானே இறுகும். உடம்பு வியர்த்தாலும் முதுகில் ஒட்டாது, கிழிந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம். இவ்வளவு இருந்தும், காலப்போக்கில் அந்த நாற்காலிகள் கழிவுப் பொருளாக மொட்டைமாடிகளில் குவிந்து, சில்லறைக் காசுக்கு ஏலம் போயின. வெளிநாட்டு வணிகர்கள் வாங்கிச் சீரமைத்து மேலை ஏலக்கூடங்களில் பெருந்தொகைக்கு விற்ற பிறகே அவற்றின் அருமை இங்கே உறைத்தது. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றின் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை விதித்தது.

கோல்கொண்ட் சாமான்கள் அந்தக் கதிக்கு ஆளாகவில்லை. பயன்படுத்தும் பொருளைப் பேணாமல் விடுவது அறியாமை என்று அன்னை கருதினார். பல பத்தாண்டுகள் விடுதியை நிர்வகித்த மோனா பின்டோ அதை அன்றாட ஒழுங்காகவே நடத்தினார். இன்றும் அனுமதி பெற்றே உள்ளே போக முடியும். பலகைச் சுவர் வழியே வரித்த வெளிச்சம் கடப்பைக் கல்லில் விழுந்திருக்க, எண்பது ஆண்டுகளைக் கடந்த தேக்கு நாற்காலியில் யாராவது ஒருவர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார்.