ரெஸ்டனின் வயிறும் முழங்காலுக்குக் கீழே ஒரு புள்ளியும்

சீன ஊசி வைத்தியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: "அமெரிக்கப் பத்திரிகைக்காரர் ஒருத்தருக்கு மயக்க மருந்தே இல்லாம ஊசி குத்தி ஆபரேஷன் பண்ணினாங்களாம்." நடந்தது அப்படி இல்லை. அதைவிடச் சாதாரணமானது. எனக்கு அந்தச் சாதாரணம்தான் பிடித்திருக்கிறது.

1971 ஜூலை. நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டன் சீனா போயிருந்தார். கிஸ்ஸிங்கர் ரகசியமாக வந்துபோன அதே நாட்கள். பீக்கிங்கில் இவருக்குக் குடல்வால் அழற்சி. 17ஆம் தேதி ஆபரேஷன். மருத்துவமனைக்கு அன்றைய பெயர் 'ஏகாதிபத்திய எதிர்ப்பு மருத்துவமனை' (கட்டியது ராக்ஃபெல்லர் பணத்தில் என்பது வேறு விஷயம்). வழக்கமான மரத்துப்போகும் மருந்தைப் போட்டுத்தான் அறுத்தார்கள். இரண்டாம் இரவு வயிறு உப்பி வேதனை. அப்போதுதான் ஊசி வந்தது. வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் மெல்லிய ஊசிகள். கூடவே மாசிபத்திரி இனத்து மூலிகையைப் புகையவிட்டு வயிற்றுக்கு மேலே காட்டினார்கள். சுமார் இருபது நிமிஷம். ஒரு மணி நேரத்துக்குள் உப்பல் தணிந்தது. 26ஆம் தேதி முதல் பக்கத்தில் எழுதிவிட்டார். வாயுக் கோளாறு என்று எழுதியதை, ஊர் ஊராகப் போகும்போது ஜனங்கள் மயக்க மருந்தாக மாற்றிக்கொண்டார்கள்.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதில் ஒரு சின்ன மனத்தாங்கல். 1971க்கு வெகு முன்பே பிரான்சில் இந்த ஊசி இருந்தது. இசை மேதை பெர்லியோசை எங்கள் முசே வகுப்பில் சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா லூயி பெர்லியோஸ் ஒரு கிராமத்து டாக்டர். 1810இலேயே நோயாளிகளுக்கு ஊசி குத்திப் பார்த்து, 1816இல் புத்தகமும் போட்டார். அப்புறம் அது மறந்துபோனது. திரும்பக் கொண்டுவந்தவர் டாக்டரே இல்லை, சீனாவில் பிரெஞ்சுத் தூதரகத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் சூலியே தெ மொரான். பீக்கிங்கில் காலரா வந்தபோது வாந்தியும் வயிற்றுப் பிடிப்பும் ஊசியால் நின்றதைப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நம்பாதவர்களும் உண்டு. முப்பத்து நாலு வருஷம் அரசாங்கக் கோப்பு தள்ளியவன் என்பதால், எனக்கு அவர் மேல் கொஞ்சம் பட்சபாதம்.

முழங்காலுக்குக் கீழே உள்ள அந்தப் புள்ளிக்குச் சீனத்தில் 'சூசான்லி' என்று பெயர். 'கால் மூன்று லி' என்று பொருள். லி என்பது தூரத்தின் அளவு, ஏறக்குறைய அரை கிலோமீட்டர். முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து நாலு விரற்கடை இறங்கி, கணுக்கால் பக்கம் போகும் முன்னெலும்பை விட்டு ஒரு விரல் வெளியே. விரல் யாருடையது என்பதுதான் முக்கியம்: நோயாளியின் விரல். குழந்தைக்குக் குழந்தையின் விரல் அளவுதான்.

வயிற்றைத் திறந்து குடலைத் தொட்டாலே அது சில நாள் வேலைநிறுத்தம் செய்யும். பெரும்பாலும் சிறுகுடல் ஒரு நாளில் விழித்துக்கொள்ளும், இரைப்பை இரண்டு நாளுக்குள், பெருங்குடல் மூன்று நாள் வரை எடுத்துக்கொள்ளும். என் எட்டு வயதுப் பேரனுக்குக் குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆனபோது இதைக் கண்ணால் பார்த்தேன். மூக்கில் குழாய், மத்தளம் மாதிரி வயிறு, "தண்ணி குடு தாத்தா" என்று ஒரே கெஞ்சல். டாக்டர் காலையும் மாலையும் என் மகளைக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "காத்து பிரிஞ்சுதாம்மா?" அந்த ஒரு சத்தத்துக்காக ஒரு குடும்பமே காத்திருப்பதை அதற்குமுன் நான் அறிந்ததில்லை.

ரெஸ்டன் கதை நினைவில் இருந்ததால் டாக்டரிடம் கேட்டேன். சிரித்தார். "மெதுவா அழுத்துங்க ஐயா, கெடுதல் இல்லை. ஆனா பையனை எழுப்பி நடக்க விடுங்க, அதுதான் முக்கியம்." அவன் விரலையே வைத்து அளந்து, இரண்டு காலிலும் மாற்றி மாற்றி அழுத்தினேன். நாலாம் நாள் விடியற்காலை காற்று பிரிந்தது. என் மகள் அழுதாள். என் கட்டைவிரலாலா, நாலாம் நாள் தானே வரவேண்டியதாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆராய்ச்சி நிலைமையும் ஏறக்குறைய அதுதான். 2021இல் 'நேச்சர்' இதழில் எலிகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது: பின்னங்காலில் இந்த இடத்தில் மெல்லிய மின்சாரம் கொடுத்தால் வேகஸ் நரம்பு வழியாக அழற்சி குறைகிறது, வயிற்றில் அதே அளவு கொடுத்தால் அப்படி ஆகவில்லை. ஆக, புள்ளிக்கு ஏதோ அர்த்தம் இருக்கிறது. ஆனால் எலி வேறு, ஆபரேஷன் ஆன குழந்தை வேறு. குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் சிறியவை. ஊசியைக் கண்டாலே அலறும் வயசு என்பதால் விரல் அழுத்தம், தோலில் ஒட்டும் மின்பட்டை இவற்றையே பெரும்பாலும் நாடுகிறார்கள். ஜப்பானில் ஒசாகா பக்கம் குழந்தைகளுக்கென்றே, குத்தாமல் தோலை வருடிவிடும் பழைய முறை ஒன்று உண்டு. அதுதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

அழுத்திப் பார்க்க நினைக்கும் தாத்தா பாட்டிகள் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தாலோ, ஜுரம் ஏறினாலோ, வயிறு பலகை மாதிரி இறுகினாலோ காலை விட்டுவிட்டு உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.