போர் மாற்றிய பலகாரம்

ஒரு போரினால் ஒரு பலகாரத்தின் உருவமே மாறிப் போகுமா? மாறியிருக்கிறது. அந்தக் கதையை இன்று பார்ப்போம்.

ஜெர்மனியின் மேற்கு எல்லையில், பெல்ஜியத்துக்கும் ஹாலந்துக்கும் அருகே ஆகென் என்னும் பழைய நகரம் இருக்கிறது. அந்நகரின் பலகாரத்துக்குப் பிரிண்டன் என்று பெயர். கோதுமை மாவில் பட்டை, கிராம்பு, சோம்பு, ஏலம், இஞ்சி முதலியவற்றைச் சேர்த்துச் சுடுவார்கள். பழுப்பு நிறம், கடிப்பதற்குச் சற்றுக் கடினம்.

பிரிண்டன் என்றால் அச்சில் பதித்தது என்று பொருள். முற்காலத்தில் தேன் கலந்து பிசைந்த மாவை மர அச்சுகளில் அழுத்தி, உருவங்களாக எடுத்துச் சுட்டார்கள்.

1806-ஆம் ஆண்டு ஆகென் நகரம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் பேரரசன் நெப்போலியன், இங்கிலாந்தோடு எவரும் வாணிபம் செய்யக்கூடாது என்று ஆணையிட்டான். இங்கிலாந்தின் கப்பற்படையும் பதிலுக்குக் கடலை அடைத்தது. கடல் கடந்து வந்த தேனும் கரும்புச் சீனியும் அருகிப் போயின.

ரொட்டி சுடுவோர் அடுப்பை அணைத்துவிடவில்லை. பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கில் சீனி உண்டு என்று, 1747-இல் பெர்லினில் மார்கிராஃப் என்ற அறிஞர் கண்டறிந்திருந்தார். அக்கிழங்கின் பாகை ஊற்றி மாவைப் பிசைந்தார்கள். ஆனால், அந்த மாவு அச்சில் சரியாகப் பதியவில்லை. ஆகவே, மாவைத் தட்டையாக உருட்டி, நீள் துண்டுகளாக வெட்டிச் சுட்டார்கள். அச்சு போயிற்று, அச்சின் பெயர் மட்டும் நின்றுவிட்டது!

1815-இல் போர் ஓய்ந்தது. ஆனாலும் மக்கள் நாவில் படிந்த புதிய சுவை மாறவில்லை. ஆகெனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் செய்தவற்றுக்கே அப்பெயர் உரியது என்று, 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டப் பாதுகாப்பும் அளித்தது.

நேயர்களே, இக்கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அக்காலத்தில் ஐரோப்பியர் சுவைத்த கரும்புச் சீனியில் பெரும்பகுதி, மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்து விளைவித்தது. பின்னர், 19-ஆம் நூற்றாண்டில் மலாயாவுக்கு வந்த நம் முன்னோரில் பலர், ரப்பருக்கு முன்பே, பினாங்குக்கு எதிரேயுள்ள வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களில்தான் பாடுபட்டார்கள்.

பலகாரம் சுட்டவர் திறமையை ஊர் அறியும்; பெயரும் நிலைத்துவிட்டது. கரும்பு வெட்டியவர் பெயரை எந்தப் பலகாரமும் சொல்வதில்லை. அதை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.